சுண்ணாம்பு பூசிய சுவர்

வீடு வாங்கப் புறப்படும் நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி யாது? வாசல் எத்திசை நோக்கியது என்பதே. அடுத்த கேள்வி, வீட்டெண்ணைக் கூட்டினால் என்ன வரும் என்பது. எட்டு வருமாயின் முகத்தைச் சுளிப்பர். விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். கூரையைத் தாங்கி நிற்கும் மரம் எத்தகையது, சுவரின் அடியில் கிடக்கும் மண் எத்தகையது, மழை பெய்தால் நீர் எவ்வழியே ஓடும் என்று கேட்பாரைக் காண்பது அரிது. இத்தகையோரைக் கண்டு பல்லாண்டுகள் நகைத்தவன் நான். நகைத்த நானே ஏமாந்த விதத்தையும், ஏமாந்த பின்னர் பிறரை ஏமாற்ற ஒருப்பட்ட விதத்தையும் நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்திலேயே மூப்படைந்தார். வேலை போனால் வீடும் போய்விடும் என்பது அன்றைய வழக்கம். துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், 1960ஆம் ஆண்டு, வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதிற் சேர வேண்டுமென்று தந்தையார் பேசிக்கொண்டே இருந்தாராம். பேச்சு பேச்சாகவே நின்றது. நிலம் என்ற சொல்லைக் கேட்டால் என் மனம் கனிந்துவிடுவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைப்பதுண்டு. இது சாக்காகவும் இருக்கலாம்.

2012ஆம் ஆண்டில் எனக்கு ஐம்பத்தைந்து வயது நிரம்பியது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. குடியிருக்க ஒரு வீடு முன்னரே இருந்தது. கையிலுள்ள பணத்தை வங்கியில் கிடத்தி வைப்பவன் மூடன் என்று நண்பர்கள் ஓதினர். அந்நாளில் வீட்டு விலை ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தது. அவ்வேகத்தைத் தணிக்கக் கருதியே, மூன்றாவது வீட்டுக் கடன் வீட்டின் மதிப்பில் 70 விழுக்காட்டை மீறலாகாது என்று 2010 நவம்பரில் பேங்க் நெகாரா விதி செய்தது. ஓர் அரசு கைநீட்டித் தடுக்க வேண்டியிருக்கிறது என்றால் வாங்குவோர் அஞ்ச வேண்டும் அன்றோ? நானோ அதனைத் தலைகீழாகப் பொருள் கொண்டேன். தடுத்தும் நில்லாத விலை இனியும் ஏறும் என்று மகிழ்ந்தேன்.

தரகர் ஒருவர் கிள்ளானில் ஒரு தாமானைக் காட்டினார். எழுபதுகளின் இறுதியில் எழுந்த ஒற்றை மாடி வரிசை வீடுகள். நடுவில் உள்ள வீடு. வடக்கு நோக்கிய வாசல். பின்புறத்தில் முன்னைய உரிமையாளர் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார். சுவரெங்கும் புத்தம் புதிய வெள்ளை. நான் வந்தேன், பார்த்தேன், தாழ்வாரத்தில் நின்று இளநீர் குடித்தேன். விலை 260,000 வெள்ளி. அரை மணி நேரத்திற்குள் சம்மதம் சொல்லிவிட்டேன். ஒரு சட்டை வாங்க அதைவிட நேரம் எடுத்துக்கொள்பவன் நான்!

என் எச்சரிக்கையெல்லாம் காகிதத்திலேயே இருந்தது. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்க்கச் செய்தேன். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அப்பட்டா உரிமையாளர் யார், அடமானம் உண்டா, தடை மனு உண்டா என்பதையெல்லாம் துலக்கமாகச் சொல்லும். கூரையில் கரையான் உண்டா என்பதை மட்டும் சொல்லாது. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார், அளந்தார், அக்கம்பக்கத்து வீடுகள் விற்ற விலையோடு ஒப்பிட்டார், போனார். அவர் வேலை வங்கியின் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று பார்ப்பது. என் பொருட்டு ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறுவது அவர் கடமையன்று. வங்கியே ஒப்புக்கொண்டுவிட்டது, இனிக் கவலை எதற்கு என்று நான் எண்ணியது என் பிழை.

புது வீட்டை அதனைக் கட்டி விற்கும் நிறுவனத்திடமிருந்தே வாங்குவோருக்கு ஒரு காப்பு உண்டு. சாவி ஒப்படைத்த நாள் முதல் 24 மாதங்களுக்குள் தோன்றும் பழுதுகளைக் கட்டியவரே தம் செலவில் சரி செய்து தரவேண்டும். கைம்மாறிய பழைய வீட்டிற்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை. ‘உள்ளது உள்ளவாறே’ வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அவ்வரியின் கீழ் நாமே கையொப்பம் இடுவோம். வாங்குவோனே, விழித்திரு என்பது ஆங்கிலேயன் விட்டுச்சென்ற நீதி. விழிக்க வேண்டிய வேளையில் நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இனி, கணக்கு. கடன் 150,000 வெள்ளி, பதினைந்து ஆண்டு, அந்நாளைய வட்டி 4.4 விழுக்காடு. மாதத் தவணை 1,140 வெள்ளி. கிடைத்த வாடகை 850. மாதந்தோறும் 290 வெள்ளி என் சட்டைப்பையிலிருந்து போயிற்று. ஆண்டுக்கு இருமுறை நகராண்மைக்கு மதிப்பீட்டு வரி, ஒருமுறை நிலவரி, தீக்காப்புறுதி, துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களை மாற்றிய செலவு, இவையெல்லாம் தனி. ‘வாடகை கடனைக் கட்டிவிடும்’ என்று தரகர் சொன்ன சொல்லை இன்றும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர் பொய் சொல்லவில்லை. கடனில் ஒரு பங்கைக் கட்டிவிடும் என்று சொல்லியிருந்தால் முழு உண்மையாகியிருக்கும். ஆயினும் விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்று இருந்ததே, அதற்கு முன் இந்த 290 வெள்ளி எம்மாத்திரம்? கோயில் உண்டியலில் போடுபவனைக் கண்டு நகைத்த நான், மாதந்தோறும் என் உண்டியலில் தவறாமல் போட்டு வந்தேன்.

குடிவந்தவர் லாரி ஓட்டும் ஒரு தமிழ்த் தோழர். மனைவி, இரண்டு சிறுவர். என்னிடம் வருவதற்கு முன் ஐந்தாறு வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். பேச்செல்லாம் நன்றாக நடக்கும். பெயரைச் சொன்ன நொடியில், ‘வீடு நேற்றே போய்விட்டது’ என்ற விடை வரும். மறுவாரம் அதே வீட்டின் விளம்பரம் மறுபடியும் வெளிவரும். இதனை அவர் சினமின்றிச் சொன்னார். எனக்குத்தான் சினம் பொங்கியது. அப்போதே சாவியைக் கையில் கொடுத்தேன். பெரியதொரு நன்மை செய்துவிட்டவனைப் போன்ற இறுமாப்போடு வீடு திரும்பினேன்.

நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. இப்படியொரு குடித்தனக்காரர் யாருக்கு வாய்ப்பார் என்று நண்பர்களிடம் பெருமை பேசினேன். 2016 நவம்பரில் ஒரு மாலைப்பொழுது, பெருமழையின் நடுவே, நடு அறையின் உட்கூரை இடிந்து விழுந்தது. நனைந்து ஊறிய பலகையும், கருத்த மரத்துண்டும், சேறும், பிள்ளைகள் பாடம் எழுதும் மேசையின் மீது குவிந்து கிடந்தன. மூத்த பெண் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கச் சென்றிருந்தாள். அது தற்செயல் ஒன்றே. ஆண்டவன் காத்தான் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். அவ்வாறாயின் அதுவரை அக்கூரையை ஒழுக விட்டவன் யார் என்று கேட்க வாயெடுத்தேன். விடை நான் என்பது நினைவுக்கு வரவே, மூடிக்கொண்டேன்.

“எத்தனை நாளாய் ஒழுகுகிறது?” என்றேன்.

“இரண்டு வருஷம் இருக்கும் ஐயா. வாளி வைத்துச் சமாளித்தோம்.”

“ஏன் சொல்லவில்லை?”

அவர் தரையைப் பார்த்தார். அவர் மனைவிதான் சொன்னாள்: “குறை சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம் ஐயா. வெளியே போனால் எங்களுக்கு யார் வீடு தருவார்?”

நேயர்களே, அந்நாள்வரை என்னை நல்லவன் என்று கருதியிருந்தேன். நான் செய்த நன்மையே அவர்களின் வாயை அடைத்திருந்தது. பிள்ளையின் தலைமேல் தொங்கிய ஆபத்தைக் காட்டிலும், என் முகம் கோணுவதே அவர்களுக்குப் பெரிய அச்சமாய் இருந்தது. இன்றும் அதனை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாள் கொத்தனாரும் தச்சரும் வந்தனர். தச்சர் ஏணியில் ஏறி, திருப்புளியால் ஒரு கைமரத்தைக் குத்தினார். வெண்ணெயில் புகுவதுபோல் புகுந்தது. வெளித்தோலும் பழைய சாயமும் மட்டுமே மரமென்று நடித்துக்கொண்டிருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. கரையான் வெளிச்சத்தில் நடவாது. மண்ணையும் தன் எச்சிலையும் குழைத்துப் பென்சில் பருமனில் ஒரு குழாய் கட்டிக்கொண்டு, தரையின் வெடிப்பிலிருந்து சுவர் மூலை வழியாகக் கூரைக்கு ஏறும். ஈர மரம் அதற்கு விருந்து. நம் நாட்டு நகரங்களில் கட்டடங்களைத் தின்பவற்றுள் முதன்மையானதற்குக் கோப்டோடெர்மிஸ் ஜெஸ்ட்ரோய் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கின்றனர். செங்கால் போன்ற கடின மரமாயின் எளிதில் அணுகாது. மலிவான மரத்தை விட்டுவைக்காது. முகட்டு ஓடு ஒன்று உடைந்து நீர் இறங்கியது, மரம் நனைந்தது, கரையான் ஏறியது, பாரம் தாங்காமல் சட்டம் வளைந்தது, வளையவே மேலும் ஓடுகள் விலகின. ஒரு ஓட்டின் விலை சில வெள்ளி. மரம் மாற்றி, ஓடு வேய்ந்து, தரையைத் துளையிட்டு மருந்து செலுத்தியதற்கு 14,000 வெள்ளி ஆயிற்று.

அன்றே கொத்தனார் என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, நீட்டிக் கட்டிய பகுதி பழைய சுவரோடு கூடும் இடத்தைக் காட்டினார். மேலே அகன்றும் கீழே குறுகியும் ஒரு வெடிப்பு. அதன் ஓரங்களில் மூன்று அடுக்குப் பூச்சு. முன்னைய உரிமையாளர் ஒருமுறையன்று, மும்முறை அடைத்து வெள்ளையடித்திருக்கிறார்! கிள்ளானின் கீழ்மண் கடல்சார்ந்த மென்களிமண். முதலில் வீட்டைக் கட்டியவர்கள் கழிகளை ஆழ இறக்கி அதன்மேல் கட்டியிருப்பர். பின்னர் நீட்டுவோர் செலவைக் குறைக்க வெறுந்தரையிலோ, குட்டையான பாக்காவ் மரக் கழிகளின் மீதோ கட்டிவிடுவர். பழைய பகுதி நிற்கும், புதிய பகுதி ஆண்டுதோறும் அமிழும். இரண்டும் ஒரே சுவர் போலத் தோன்றினும் உறவு சாயத்தோடு சரி. “இடித்துக் கழி இறக்கிக் கட்ட வேண்டும் ஐயா. பூசினால் ஆறு மாசம் தாங்கும்,” என்றார். மதிப்பீடு 38,000 வெள்ளி. கையில் அவ்வளவு இல்லை. பார்ப்போம் என்றேன். பார்க்காமலே ஏழாண்டு கடத்தினேன்.

இதற்கிடையில் சந்தை தன் வழியே சென்றது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. லாரித் தோழருக்கு வேலை நின்றது, எனக்கு வாடகை நின்றது. ஏப்ரல் முதல் ஆறு திங்கள் தவணையை ஒத்திவைத்ததால் மூச்சு விட்டேன். கொள்கை வட்டி அவ்வாண்டு 1.75 விழுக்காட்டுக்கு இறங்கி, 2023 மே மாதத்தில் மீண்டும் 3.00ஐ எட்டியது. 2021 டிசம்பர் பெருவெள்ளம் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவைக் கூரைமட்டும் மூழ்கடித்தபோது, எங்கள் தாமானில் வடிகால் நிரம்பி வாசற்படி வரை வந்து திரும்பியது. அன்று முதல் வீடு பார்க்க வருவோர் நீர் ஏறுமா என்று கேட்கத் தொடங்கினர். திசை கேட்கும் மக்கள் வெள்ளமும் கேட்கக் கற்றது ஒரு முன்னேற்றமே. ஆயினும் அதற்கு எத்தனை வீடுகள் மூழ்க வேண்டியிருந்தது!

உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11 அன்று சரிந்து 48 பேர் மாண்டனர். எஞ்சிய இரு கட்டடங்களிலும் குடியிருந்தோர் உடுத்த உடையோடு வெளியேறினர். நேற்றுவரை விலை பேசப்பட்ட வீடுகள் ஒரே நாளில் விலையற்றுப் போயின. கடன் மட்டும் நின்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. சரிவுக்கு முன் நேர்ந்த குறைகளுக்கு ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பாக்கச் சட்டம் இடந்தரவில்லை என்று 2006ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. மலைச்சரிவில் நீர் எவ்வழி இறங்குகிறது என்பதை வாங்கியவருள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? கேட்டிருந்தாலும் சொல்வார் யார்?

2023ஆம் ஆண்டு. எனக்கு அறுபத்தாறு வயது. கடனில் இன்னும் ஐம்பதினாயிரம் மிச்சம். தரகர் வந்தார், வேறொருவர், இளைஞர். 2022 முதல், ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்கும் குடிமகனுக்குச் சொத்து இலாப வரி இல்லை என்று நினைவூட்டினார். 380,000 வெள்ளி கேட்கலாம் என்றார். சமையலறை வெடிப்பைக் காட்டினேன். அவர் சிரித்தார். “பூசி வெள்ளையடித்துவிடுங்கள் சார். எல்லாரும் செய்வதுதான். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஏன் சொல்ல வேண்டும்?”

பூசினேன். நேயர்கள் என்னை எவ்வாறு இகழ்ந்தாலும் தகும். கொத்தனாரை அழைத்துப் பூசச் சொன்னவன் நானே. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் பூசினார். கூலியாக 400 வெள்ளி வாங்கிக்கொண்டார். அது நான்காவது அடுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஓர் இளந்தம்பதியர் வந்தனர். இருவரும் தொழிற்சாலை ஊழியர். உடன் பையனின் தாயார், அவரோடு வாஸ்து பார்ப்பவர் ஒருவர். அவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து வீடெங்கும் நடந்தார். வடக்கு வாசல் என்றதும் மகிழ்ந்தார். சமையலறைக்கு வந்து, நேற்றுப் பூசிய சுவரின் அருகே நின்று, திசைகாட்டியை இருமுறை திருப்பிப் பார்த்து, “தென்கிழக்கு. அக்கினி மூலையிலேயே அடுப்பு. இதைவிட நல்ல அமைப்புக் கிடைக்காது,” என்று உரைத்தார். அமிழ்ந்துகொண்டிருக்கும் மூலை அது! அவருடைய திசைகாட்டிக்குத் திசை தெரிந்தது, மண் தெரியவில்லை. வழக்கமாக இத்தகைய வேளையில் எனக்கு நகைப்பு வரும். அன்று வந்தது நகைப்பன்று, நிம்மதி. வாழ்நாளெல்லாம் நான் எதிர்த்துப் பேசிய ஒரு மூடநம்பிக்கை எனக்கு ஊழியம் செய்ய வந்து நின்றது. நான் அதற்கு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

லாரித் தோழரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்டு வாளி வைத்தவள் அல்லவா?

அந்தத் தாயார் மட்டும் மெல்ல என்னருகில் வந்தார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

“அண்ணே, இது நீங்கள் குடியிருந்த வீடா?”

“இல்லை அம்மா, வாடகைக்கு விட்ட வீடு.”

“அப்படியா? என் மகன் ஓவர்டைம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காசு அண்ணே. நாங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள். சொந்த வீடு இதுதான் முதல். அதனால்தான் கேட்டேன்.”

என் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. தரகர் ஒப்பந்தத் தாளை எடுத்துவிட்டார். நான் அந்த அம்மையாரைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, ஈரம் காயாத பூச்சில் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். நடந்தது அனைத்தையும் சொன்னேன். கொத்தனாரின் மதிப்பீட்டுத் தாளையும் காட்டினேன். 38,000 வெள்ளியை விலையிற் குறைத்துக்கொள்ளச் சம்மதம் என்றும் சொன்னேன்.

அவர்கள் வாங்கவில்லை. பையன் முகம் கறுத்தது. இத்தனை நாள் மறைத்தவர் இன்னும் எதை மறைக்கிறாரோ என்று ஐயுற்றான். அவ்வையம் நியாயமானதே. வாஸ்துக்காரர் தம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். தரகர் அன்றோடு என் அழைப்பை எடுப்பதில்லை. “உள்ளதைச் சொல்லி வீட்டைக் கெடுத்தவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவரே,” என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் பாதி கோபம். மறுபாதி என்னவென்று நான் கேட்கவில்லை.

விற்கும் எண்ணத்தை விட்டேன். சேமிப்பைக் கரைத்துச் சமையலறையை இடித்து, கழி இறக்கிக் கட்டுவித்தேன். இரண்டு திங்கள் லாரித் தோழரின் குடும்பம் தாழ்வாரத்தில் அடுப்பு வைத்துச் சமைத்தது. அவ்விரண்டு மாத வாடகையை நான் வாங்கவில்லை. இப்போது குழாய் ஒழுகினாலும் அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்கிறாள்; சில வேளை அதட்டியே சொல்கிறாள். 260,000 வெள்ளிக்கு வாங்கிய வீட்டில் பழுதுக்கு மட்டும் 52,000 போட்டிருக்கிறேன். வட்டியையும் மாதந்தோறும் இட்ட தொகையையும் கூட்டிப் பார்க்க ஒருநாள் உட்கார்ந்தேன்; பாதியில் எழுந்துவிட்டேன்.

அவ்வாண்டு இறுதியில் அதே வரிசையில் மூன்றாவது வீட்டிற்கு இளமஞ்சள் சாயம் பூசப்பட்டது. சில வாரங்களில் விற்றும் போயிற்று. மாவிலைத் தோரணம் கட்டிக் குடிபுகுந்தவர்கள் அந்த இளந்தம்பதியரும் தாயாருமே. அவ்வீட்டின் சமையலறையும் எங்களுடையதைப் போலவே, அதே காலத்தில், அதே கொல்லைமண்ணில் நீட்டிக் கட்டப்பட்டது. நான் வழியில் அவர்களைக் கண்டபோது வணக்கம் சொன்னேன். பையன் வேறு பக்கம் பார்த்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம், லாரித் தோழரிடமிருந்து தொலைபேசி வந்தது. “ஐயா, மூன்றாம் வீட்டுத் தம்பி வந்து நிற்கிறார். நம்முடைய கொத்தனார் நம்பர் வேண்டுமாம். கொடுக்கலாமா?”

கொடுக்கச் சொன்னேன். பழைய மதிப்பீட்டுத் தாள் மேசை அறையில் இருக்கும், அதையும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.